மேகலா கேட்ட மூன்று பூ

வெள்ளக்கடை என்ற மலையூரின் மேகலா எம்.எஸ்சி. முதலாண்டு இயற்பியலில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். அந்த ஒன்று எலக்ட்ரானின் ஸ்பின். காப்பிப் பழம் பறிக்கிற குடும்பத்துக்கு இவ்வளவு புரிந்தது போதாதா என்று கேட்பவர்கள் அறிவியலின் எதிரிகள்.

சேலத்துக் கல்லூரியில் ஜாபெஸ் சார் பலகையில் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடைப்புக்குறி போட்டார். அதுதான் ஸ்பின் நிலை. எலக்ட்ரானிடம் மேலா கீழா என்று கேட்டு, அதாவது அளந்து பார்த்து, 'மேல்' என வந்துவிட்டால், மேலே ஒன்று, கீழே பூஜ்யம். எத்தனை தரம் திருப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் நடுவில் இடமா வலமா என்று கேட்டுவிட்டால் போயிற்று. இரண்டு எண்களும் அளவில் சமமாகிவிடும். மறுபடி மேலா கீழா என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"ஏனுங்க சார், மொதல்ல சொன்ன பதில் எங்கீங்க போகும்?"

"அதைப் புரிஞ்சுக்கத்தாம்மா ரெண்டாம் வருஷம் இருக்கு."

ரெண்டாம் வருஷம் இருக்கிறதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பெரியப்பா மூக்கன். தம்பி பிள்ளைகளின் வாழ்க்கையில் முடிவெடுப்பதில் அவருக்கு நீண்ட அனுபவம். இருந்தாலும் பழியை அம்மன்மேல் போடுவதே முறை என்று கோயிலில் பூக் கேட்க வைத்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. மேகலாவே எடுக்கலாம் என்பது அவர் காட்டிய பெருந்தன்மை. நாளைக்கு யாரையும் குறை சொல்ல முடியாதல்லவா?

"படிப்பத் தொடரலாமான்னு நெனச்சு எடு கண்ணு."

வெள்ளை. அப்பா சக்திவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூக்கன் தொண்டையைச் செருமினார். "வந்ததே வந்தோம். பொண்ணு கேட்டு வந்த குப்பனூர் மாப்பிள்ளையையும் கேட்டுப் போடலாம்."

அதற்கும் வெள்ளை. இப்போது சிக்கல். கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பே கூடாது என்பது குப்பனூர் சரவணன் வீட்டார் முன்பே சொல்லிவைத்த நிபந்தனை.

"ரெண்டுக்கும் ஆமான்னா எப்படி? மொதக் கேள்விய மறுக்காக் கேளு."

மேகலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அதுக்குத்தான் பதில் வந்திருச்சுங்களே பெரியப்பா. நடுவுல வேற கேள்வி கேட்டுப்போட்டோம். இனி பழைய பதில் நிக்காதுங்க."

"அம்மன் வாக்கு மாறுவாளா? மாறமாட்டான்னா எடுக்கறதுக்கு என்ன பயம்?"

இந்தத் தர்க்கத்துக்கு எந்தக் கல்லூரியிலும் பதில் இல்லை. எடுத்தாள். சிவப்பு.

பொட்டலத்துக்குள் பூவின் நிறம் முன்பே இருந்தது, எலக்ட்ரானுக்குள் அப்படி எந்தப் பதிலும் காத்திருப்பதில்லை என்று ஜாபெஸ் சார் ஆட்சேபிக்கக்கூடும். அவர் அன்று கோயிலில் இல்லை.

திரும்பும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே சக்திவேல் கேட்டார். "என்னமோ ஒண்ணு நொம்ப நாளாப் புரியலேன்னியே சாமி, அந்த ஸ்பின்னு?"

"இப்பப் புரிஞ்சிருச்சுங்கப்பா."

மனசிலிருந்த பாரம் இறங்கியது அவருக்கு. "அப்பறமென்ன சாமி. அது புரியறதுக்குத்தான ரெண்டாம் வருஷம்னாரு உங்க சாரு."

குப்பனூருக்கு அன்றைக்கே சேதி போனது. மூக்கன்தான் போன் போட்டார்.