பட்டி பார்த்த படகு

தங்கச்சி போனில் ஒரே பிடியாக நின்றாள். "நீ போய்ப் பாத்துட்டு சரின்னு சொன்னாத்தாண்ணே அவர அனுப்புவேன்."

அவள் புருஷனுக்கு வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் டிரைவர் வேலை. அதன் முதலாளி கொச்சியில் ஒரு பழைய சின்னப் பாய்மரப் படகைச் சல்லிசாக வாங்கி, லாரியில் மலையேற்றிக் கொண்டுவந்திருந்தார். ரிப்பேர் பார்த்து, இருவருமாக அதில் லட்சத்தீவுக்குப் போகப்போகிறார்களாம். நான் ஓர் ஏரியில் சுற்றுலாப் படகுகளைப் பழுது பார்ப்பவன். எங்கள் எஸ்டேட் ஜனத்துக்கு நடுவே ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதனால் நான்தான் நிபுணன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஷெட்டில் நின்றது படகு. பளபளவென்று நீலப் பெயிண்ட். முனையில் சந்தனப் பொட்டு, எலுமிச்சை மிளகாய்.

"ரெண்டு நாள் நம்ம குளத்துல விட்டு நோக்கியாச்சு. ஒரு துளி தண்ணி ஏறல," என்றார் முதலாளி.

குளத்தில் சோப்பு டப்பாகூட மிதக்கும். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

உள்ளே இறங்கினேன். அழுகிய தண்ணீரும் டீசலும் கலந்த வாடை குமட்டியது. படகு கவிழாமலிருக்க அடியில் மாட்டியிருக்கும் இரும்புக் கனத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துரு வழிந்திருந்தது. பாய்மரத்தை இழுத்துக்கட்டும் கம்பியில் கையை ஓட்டினேன். அறுந்த இழை விரலைக் கிழித்தது. சுக்கானை ஆட்டினால் பல்லுப்போன கிழவன் வாய்போல் ஆடியது. இதை நம்பி நடுக்கடலுக்கு இரண்டு உயிர்! வெளியே வந்து சுத்தியல் காம்பால் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல ஃபைபர் கணீரென்று கேட்கும். ஓரிடத்தில் சொத்தென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடிவரை உள்ளே போய்விட்டது. கார் நசுங்கினால் அடைப்பார்களே, அந்தப் பட்டி, கட்டி கட்டியாக உதிர்ந்தது. அதற்குள் கறுப்பாக, ஃபைபருக்கு நடுவே பலத்துக்கு வைத்திருந்த மரம் ஊறிப்போய்க் கிடந்தது.

"சீ! எவன் பாத்த வேல இது?" என்று கத்தினேன்.

தங்கச்சி புருஷன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "நான்தான் மச்சான். வருசா வருசம் ஆபீசர் செக்கிங் வர்றதுக்கு முந்தி நீங்க ஏரி போட்டுக்கெல்லாம் இப்படித்தான பட்டி பாப்பீக? அதப் பாத்துத்தான் பழகினேன்."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஏரியில் கரை பக்கம்தானே, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருடக்கணக்காகச் செய்துவந்த வேலை அது. அந்தப் படகுகளில் தினமும் குழந்தைகள் ஏறுகிறார்கள்.

கேட்டுக்கு வெளியே வந்து தங்கச்சிக்குப் போன் செய்தேன். "அனுப்பாத. அது படகே இல்ல, மேல பட்டி பாத்து ஏமாத்தி வச்சிருக்கு."

அவள் அழுதுகொண்டே கேட்டாள். "இப்படிப் பண்ண எந்தப் பாவிண்ணே சொல்லிக் குடுத்தான்? அவன் கையில புழு வைக்க."

"நான்தாம்மா," என்றேன்.