வெள்ளிக்கிழமை மட்டும் அணைந்த கம்ப்யூட்டர்

தம்பி சவுதிக்குப் போகும்போது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருந்த வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இரும்பு மேசையில் இருந்தது. அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. சாயங்காலமானால் கேமரா முன் உட்கார்ந்து அப்பா அம்மாவோடு பேசுவான். நான் கல்யாணமாகிச் சிதம்பரத்தில் இருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்ததால், அந்தப் பெட்டிக்கு ஒன்று என்றால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். முடிந்த வெள்ளிக்கிழமைகளில் நானும் பஸ் பிடித்துப் போய் அவர்களோடு உட்கார்ந்துகொள்வேன்.

2009இல் அப்பாவுக்கு வாதம் வந்தது. காய்கறி வாங்கப் போனவர் கடை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது. அந்தக் குழறலிலும் ஒன்றை மட்டும் எங்களுக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்: "தம்பிகிட்ட சொல்லாதீங்க." சொன்னால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவான், மறுபடி போகவே முடியாது என்று அவருக்குப் பயம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சரியென்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொய்தான். "அப்பா எங்கக்கா?" என்பான் தம்பி. "கடத்தெருவுக்குப் போயிருக்காருடா, இப்பத்தான் போனாரு," என்பேன். போனில் கேட்டால், தொண்டை கட்டியிருக்கு, தூங்குறாரு. எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. சிரித்துக்கொண்டே சொல்ல வந்தது. அப்பா உள்ளறைக் கட்டிலில், இருமல் வந்தால்கூடத் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு படுத்திருப்பார். திரும்பும்போது அவர் முகத்தைப் பார்க்காமலேயே "வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. தம்பி பேசிக்கொண்டே இருப்பான். திடீரென்று திரை கறுத்துவிடும். யூபிஎஸ்ஸில் விளக்கு எரியும், அதனால் கரண்ட் கட் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்து பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த தெருப்புழுதி மொத்தமும் பிராசஸர் மேலிருந்த ஃபேனில் கம்பளிபோல அப்பியிருந்தது. அடியில் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன். அணையவில்லை. "இனிமே அணையாதும்மா," என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா காபி போடப் போனாள்.

சில வாரம் கழித்துத் தம்பி போன் செய்தான். "மறுபடியும் அணைஞ்சு போவுதுக்கா. அம்மா மூஞ்சியப் பாக்குறதுக்குள்ள போயிடுது."

இந்த முறை எஸ்எம்பிஎஸ் மேல் எனக்குச் சந்தேகம். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அது பழுதானாலும் இப்படி ஆகும். சிபியூவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் கம்பெனிகளின் மருந்து நாற்றத்துக்கு எல்லாரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினார்கள். அந்தப் புழுக்கத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்டரில் ராப்பகலாக ஓடவிட்டேன். ஒருமுறைகூட அணையவில்லை. இருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி, ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டி, திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையே அணைந்துவிட்டது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். காலையிலிருந்தே கம்ப்யூட்டரை ஓடவிட்டிருந்தேன். தம்பி வந்ததும், "நீ பேசும்மா, நான் கீழேருந்து சூடு ஏறுதான்னு பாக்குறேன்," என்று மேசைக்கடியில் டார்ச்சோடு உட்கார்ந்துகொண்டேன். பெட்டியின் மேல் கை வைத்திருந்தேன். ஜில்லென்றே இருந்தது.

மேலே தம்பியின் குரல்: "எம்மா, அப்பாவ ஒரு தடவ கூப்புடேன். எப்பப் பாத்தாலும் வெளிய போயிருக்காரு வெளிய போயிருக்காருங்கிற. மூஞ்சியப் பாத்து எவ்ளோ நாளாவுது?"

அம்மாவின் கால் நகர்ந்து வந்தது. எல்லா ஒயரும் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கட்டைவிரலால் அதன் சுவிட்சை அழுத்தினாள். ஃபேன் சத்தம் நின்றது. நான் அங்கே இருப்பது தெரிந்துதான் அழுத்தினாள்.

வெளியே வந்து, "ஏம்மா?" என்றேன்.

"நீ அத ரிப்பேர் பண்ணாம இருந்திருக்கலாம்," என்றாள். "அதுவா அணைஞ்சப்ப, சாமியே அணைக்குதுன்னு இருந்தேன். நீ சரி பண்ணிட்டுப் போயிட்ட. ஒனக்குச் சட்டுனு வாயில வருது. எனக்கு வரலடி. அவன் கேக்குறப்ப நான் எங்க போவேன்?"

உள்ளறையில் அப்பா துண்டுக்குள் இருமினார்.

செல் அடித்தது. தம்பிதான். "என்னாச்சு, கரண்ட் கட்டா?"

"இல்லடா. அம்மாதான் அணைச்சாங்க," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன், "தீபாவளிக்கு எடுத்த சட்டைய அப்பாவுக்குக் காட்டணும்னேனே, அன்னிக்கும் உள்ளதான் படுத்திருந்தாரா?" என்று கேட்டான்.

"ஆமாடா."

"நீதான அன்னிக்கு, கோயிலுக்குப் போயிருக்காருன்ன?"

"நான்தான்."

வைத்துவிட்டான்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்பாவை எழுப்பி உட்காரவைத்தபோது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அவர் வாயைத் துடைத்து, சட்டை மாட்டி, தலை வாரி நாற்காலிக்குக் கூட்டி வந்தாள். திரையில் தம்பி முகம் கழுவிவிட்டு வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. அப்பா ஏதோ சொன்னார். அவனுக்குப் புரியவில்லை.

"சாப்டியான்னு கேக்குறாரு," என்றாள் அம்மா.

"சாப்ட்டேம்ப்பா," என்று சொல்லிவிட்டு அழுதான். அப்பாவும் அழுதுகொண்டே நல்ல கையைத் தூக்கி, வந்துவிடாதே என்பதுபோல ஆட்டினார். "வரல, லீவு குடுத்தாதான் வருவேன், அழுவாதப்பா," என்றான் அவன். இருட்டும்வரை பேசினார்கள். நான் கதவோரம் நின்றேன். என்னை அவன் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம் லீவில் வந்து, தினமும் அப்பாவைப் பிடித்துத் தெருவில் நடக்கவைத்தான். அவன் திரும்பிப் போகும்போது அப்பா கைத்தடியோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார். தம்பி என்னோடு சண்டை எதுவும் போடவில்லை. சாதாரணமாகத்தான் பேசினான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "விடுக்கா, அவருதான சொல்லக் கூடாதுன்னாரு," என்று முடித்துவிட்டான்.

2012இல் ஊரோடு வந்து குறிஞ்சிப்பாடியில் கடை வைத்தான். அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். தம்பியிடம் பேசும்போது, "லேசான ஜுரம்தான், ஒண்ணுமில்ல," என்றேன். அன்று சாயங்காலமே மழையில் நனைந்துகொண்டு பைக்கில் சிதம்பரத்துக்கு வந்து நின்றான்.

"போன்லயே சொன்னேனே, ஒண்ணுமில்லன்னு?"

"நீ சொன்ன. அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்," என்றான்.

உள்ளே போய் மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்தான், ஒரு காபி குடித்தான். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு கிளம்பிப் போனான்.