கோப்பை வாங்காத பெல்ட்டுக்காரர்

எங்கள் மனமகிழ் மன்றத்தின் செயலாளர் பொய் சொன்னார். சென்னையிலிருந்து ரப்பர் இடுப்பு பெல்ட்டுகளைக் கொண்டுவந்து, கட்டிக்கொண்டு ஓடினால் தொப்பை கரையும் என்று விற்றார். அதிகம் இளைப்பவருக்குக் கோப்பை என்றும் அறிவித்தார்.

போட்டியில் சேர்ந்தவர்களில் ஒருவர் சுரங்கத்தில் மண்ணள்ளும் இயந்திரம் ஓட்டுபவர். குட்டையான ஆள், முன்னால் தள்ளிய வயிறு. ஷிப்டுக்குப் போகும் முன் தினமும் பெல்ட்டோடு மைதானத்தைச் சுற்றி ஓடுவார்.

மாதக் கடைசியில், அவர் பெல்ட்டைக் கழற்றிய கையோடு செயலாளர் டேப் வைத்து அளந்தார். மூன்று அங்குலம் குறைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினோம். நீட்டிய கோப்பையை அவர் வாங்கவில்லை.

"செத்த இருங்க சார். ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு ஒக்காந்துகினு இருக்கேன். அப்பறம் அளங்க."

அரை மணி கழித்து அளந்தால் பழைய அளவு.

"ஏம்பா, ஜெயிச்சவனே காரியத்தைக் கெடுக்கிறியே?" என்றார் செயலாளர்.

"மைன்ஸ்ல மண்ண அள்ளி அந்தாண்ட கொட்டறோம். மண்ணு கொறஞ்சிடுதா சார்? இதுவும் அப்படித்தான். முன்ன ஒரு ரவுண்டுக்கே மூச்சு வாங்கும். இப்ப ஆறு ரவுண்டு ஓடறேன். அது என் காலு பண்ணது, பெல்ட்டு பேர்ல எழுதாதீங்க."

அவர் டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்காரர் என்று மார்தட்டிச் சொல்வேன்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் இருந்த போட்டிப் பட்டியலில் 'ஒழுங்கீனம்' என்று எழுதி அவர் பெயரை அடித்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வழக்கம்போல் ஓடப் போனார். கைக்கு வந்த கோப்பையை விட்டுவிட எப்படி மனம் வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செயலாளரே, பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள்: அவர் செய்த ஒழுங்கீனம் என்ன?