முதல் தடவை இலவசம்

ஸ்டாஃப் சார்ஜென்ட் ரொஹேலியோ கான்தூவைப் பத்து நிமிடம் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தவர் யாரும் அந்த டெக்சஸ் முகாமில் கிடையாது. பேசும்போது நடப்பான். நின்றால் முழங்கால் ஆடும். லாரிகள் நிற்கும் மைதானத்தில் காலையில் இறுக்கிய போல்ட்டை மத்தியானம் போய் இன்னொரு தடவை இறுக்கிப் பார்ப்பான். பதினோரு வருட ராணுவ வாழ்க்கையில் அவன் பார்த்தது ஐந்து முகாம், இரண்டு பாலைவனம், ஒரு விவாகரத்து. இத்தனை அலைச்சலுக்கு நடுவில் அவன் ஒரு பட்டப்படிப்பையும் இழுத்துக்கொண்டே வந்தான் என்று சொன்னால் நம்புவது கஷ்டம்தான்.

வகுப்பில் சேர்ந்து படித்தது பாதி. மீதியைப் பரீட்சை எழுதியே சேர்த்துவிட்டான். வகுப்புப் பக்கமே போகாமல் ஒரு பாடத்தில் நேரே பரீட்சை எழுதித் தேறினால், அந்தப் பாடத்தைப் படித்ததாகவே கல்லூரி எடுத்துக்கொள்ளும். வெளியாட்கள் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். சீருடைக்காரனுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் தடவை இலவசம். தோற்றுப்போய் மறுபடி எழுதினால்தான் கைக்காசு. இந்த ‘முதல் தடவை இலவசம்’ சிப்பாய்கள் குடியிருப்பில் வேதவாக்கு. சும்மா கிடைத்த தோட்டா என்று குறிகூடப் பார்க்காமல் சுட்டுத் தள்ளுவார்கள். பத்தில் ஆறு பேருக்குப் பட்டும் விடும், அதுதான் வினை.

கான்தூவுக்குப் பட்டக் கணக்கில் இன்னும் ஆறு பாடப்புள்ளி, அதாவது ஆறு கிரெடிட், பாக்கி. அதுவும் அந்நிய மொழியில்தான் வேண்டும் என்று கல்லூரி கறாராகச் சொல்லிவிட்டது. அந்த ஆறும் கிடைத்தால் பட்டம். பட்டம் கிடைத்தால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அதிகாரி பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அதைத் தவறவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்; பிறகு ஓய்வு பெறும்வரை இருபத்தைந்து வயது லெப்டினன்ட்டுகளுக்கு விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டியதுதான். வகுப்பில் சேரலாம் என்றால், அந்த வருடத்துக்கு ராணுவம் தரும் படிப்புப் பணம் முழுவதையும் அவன் ஏற்கனவே செலவழித்துவிட்டான்.

“உனக்கென்னப்பா, ஸ்பானிஷ் இருக்கே. அல்வா மாதிரி ஆறு கிரெடிட்” என்றார்கள் எல்லோரும். அவனும் அப்படித்தான் நினைத்தான். மெக்சிகோ எல்லையோரம் வெஸ்லாகோவில் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பேச்சு கிடையாது, இதற்கெல்லாமா படிப்பார்கள்? மே மாதம் ஒரு வியாழக்கிழமை, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தான்.

காதில் ஹெட்ஃபோனை மாட்டியதும் யாரோ ஒருத்தி வீட்டு ஒப்பந்தத்தைப் பற்றிப் படபடவென்று பேசினாள். அவன் வீட்டு ஸ்பானிஷில் சாப்பிடு, தூங்கு, செருப்பால் அடிப்பேன் எல்லாம் உண்டு. ஒப்பந்தம் கிடையாது. வாசிக்கக் கொடுத்த பத்திகளில் வரி நடுவில் கால் இடறிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடத்தில் எரிச்சலில் கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்திவிட்டு எழுந்தான். தேற ஐம்பது வேண்டும். திரையில் வந்தது நாற்பத்து நான்கு.

பரீட்சை அறையைக் கவனித்துக்கொள்ளும் திருமதி டில்லார்ட், ஒரு அமெரிக்க சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருடம் முன்பு இங்கே வந்து சேர்ந்த ஜெர்மன்காரி. அவள் அவன் பெயர்ப் பட்டியையும் மதிப்பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மூணு மாசம் கழிச்சுத்தான் மறுபடி எழுத முடியும், சார்ஜென்ட். அப்போ பணம் நீங்கதான் கட்டணும். நூறு டாலருக்குக் கொஞ்சம் குறைச்சல்.”

“பணம் கெடக்கு மேடம். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“நான் எதுக்குச் சொல்றேன்? ஜெர்மன் எழுதேன் எழுதேன்னு என் வீட்டுக்காரர் இன்னைக்கும் நச்சரிக்கிறார். தோத்துட்டா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அம்மாவுக்கு போன் பண்றதுன்னு நான் எழுதவே இல்லை.”

கான்தூ வண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் அம்மா ஒஃபேலியாவே கூப்பிட்டுவிட்டாள்.

“முடிஞ்சுதா மிஹோ?” செல்லமாக மகனே என்று கூப்பிடுகிற எல்லையோரத்துச் சொல் அது, முப்பத்தொரு வயதானாலும் அவளுக்கு அவன் மிஹோதான்.

“முடிஞ்சுதும்மா.”

“பாஸா?”

“பாஸ்தாம்மா.”

“பின்ன? நம்ம வீட்டுப் பேச்சுக்குப் பரீட்சை வச்சு, அதுக்கு அரசாங்கம் காசு வேற கட்டுது. கிறுக்குப் பசங்க!” ஒஃபேலியா சிரித்தாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் மறுநாளே எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

ஸ்பானிஷ் பரீட்சையில் தேறிய ஒரே ஆள் அவன் பிரிவிலேயே இருந்தான் என்பதுதான் பெரிய கொடுமை. பர்னம் என்று பெயர். யூட்டா மாநிலத்துக்காரன், மாட்டுப்பால் நிறம், காபிகூடக் குடிக்காத சர்ச் பிள்ளை. அவன் சர்ச் அவனைச் சிலி நாட்டுக்கு அனுப்பி, இரண்டு வருடம் வீடு வீடாகக் கதவைத் தட்ட வைத்திருந்தது. அவன் வாங்கியது எழுபத்து நான்கு. கான்தூ இரண்டு நாள் லாரிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தான். மூன்றாம் நாள் அவனை ஒரு டயருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

“எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்குடு.”

“சார்ஜென்ட், கேலி பண்றீங்களா?”

“நாப்பத்து நாலு. சிரிச்சே, ஒரு மாசம் கக்கூஸ் உன் தலையிலதான்.”

பர்னம் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் நல்ல பிள்ளைகளுக்கு வாயில் பூட்டு கிடையாது. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் லாரிக் கூண்டுக்குள் பாடம் நடந்தது. ஒரு வாரம் ஆனதும் அவன் சொன்னான்: “நேத்து நடந்தது, நாளைக்கு நடக்கப் போறது, ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றீங்க சார்ஜென்ட்.”

“எங்க வீட்ல அப்படித்தான்.”

“உங்க வீட்ல நீங்க பேசினதே இல்லைன்னு தோணுது.”

கான்தூவுக்குச் சுருக்கென்றது. கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு குதித்தான், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினான், வந்து ஏறி உட்கார்ந்தான். பையன் சொன்னது உண்மை. அவன் அப்பா ராமோன் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவர்; பிள்ளைகள் வாயில் இங்கிலீஷ்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டார். அம்மா ஸ்பானிஷில் கேட்பாள், பிள்ளை இங்கிலீஷில் பதில் சொல்லுவான். ராணுவத்துக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அதுவும் தேய்ந்து மூன்றே வார்த்தைகள் மிஞ்சின. ஆமாம்மா. சரிம்மா. செய்ங்கம்மா. அம்மா குரல் மேலே போகும்போது ‘ஆமாம்மா’, கீழே இறங்கும்போது ‘சரிம்மா’. பதினோரு வருடம் இப்படியே ஓட்டிவிட்டான். அம்மாவும் பெருமையாகப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஜூன் போயிற்று. ஓடும்போது காதில் மெக்சிகோ வானொலி. பல் தேய்க்கும்போது வினைச்சொல். கனவில்கூட யாரோ ஒப்பந்தம் போட்டார்கள். செப்டம்பரை நினைத்தால் எழுந்து நடப்பான்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே போனில் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று உறைத்தது: எல்லாம் புரிகிறது. பக்கத்து வீட்டு நாய், மின்சாரக் கட்டணம், சர்ச்சில் விசிறி ஓடாதது. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“எவுசேபியோவுக்குப் போன சனிக்கிழமை கல்யாணம்” என்றாள் அம்மா. “பொண்ணும் புருஷனை இழந்தவதான். நல்லா இருக்கட்டும்.”

“எந்த எவுசேபியோம்மா?”

“டயர் கடைக்காரர்டா. என்னைக் கேட்டாரே.”

“உங்களை என்ன கேட்டார்?”

“என்னடா இப்படிக் கேக்கறே? கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு. உன்கிட்டதானே முதல்ல சொன்னேன். அப்பா போய் ஆறு வருஷமாச்சு, இவர் நல்ல மனுஷன், எனக்கும் ராத்திரியில வீடு வெறிச்சுன்னு இருக்கு. ஆனா உன் மனசு கஷ்டப்படுமோ, வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு கேட்டேன். நீதானே சொன்னே, ‘ஆமாம்மா, செய்ங்கம்மா’ன்னு.”

கான்தூ நின்றுவிட்டான். அப்போது அவன் குவைத்தில் இருந்தான். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு உதிரிபாகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருப்பான். குரல் மேலே போயிருக்கும், ‘ஆமாம்மா’ சொல்லியிருப்பான். இப்போதும் ஒரு ‘ஆமாம்மா, ஞாபகம் வந்துடுச்சு’ போட்டால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவனை மெச்சத்தான் வேண்டும், விழுங்கிவிட்டான்.

“அம்மா, எனக்கு அன்னைக்குப் புரியலை.”

“லைன் சரியில்லையா?”

“லைன் நல்லாத்தான் இருந்துது. நீங்க வேகமாப் பேசினா எனக்குப் பாதிதாம்மா புரியும். சின்ன வயசுலேருந்தே. பரீட்சையிலயும் நான் ஃபெயில். பாஸுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

எதிர்ப்பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் அவள் அணைத்தாள்.

“அப்போ இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?” என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டான், எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மன்னிப்புக் கேட்டு ஸ்பானிஷில் ஒரு செய்தி எழுதினான். அனுப்பும் முன் பர்னமிடம் காட்டித் திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, வெட்கப்பட்டு, தப்போடேயே அனுப்பினான். பதில் இல்லை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. லாரிக் கூண்டில் மட்டும் வெறி பிடித்தவன் போலப் படித்தான். பர்னம்கூடப் பயந்துபோய், “போதும் சார்ஜென்ட், நீங்க தயார்” என்றான். “உனக்கென்னடா தெரியும்” என்று அவன்மேல் எரிந்து விழுந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் திருமதி டில்லார்டிடம் தன் அட்டையை நீட்டிப் பணம் கட்டினான். அவள் ஒரு பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினாள். காதில் ஒருவன் தன் அண்ணனோடு பாகப் பிரிவினையைப் பற்றிச் சண்டை போட்டான், ஒருத்தி ரயிலைத் தவறவிட்டாள், யாரோ யாரையோ விருந்துக்குக் கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத இவர்கள் பேசுவதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக அவனுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. ஒன்றரை மணி நேரமும் அந்த நாற்காலியை விட்டு அவன் அசையவில்லை.

அறுபத்தெட்டு. ஆறு கிரெடிட், பட்டம், செப்டம்பர், எல்லாம் கைக்குள் வந்துவிட்டது. திருமதி டில்லார்ட் எழுந்து நின்று கை குலுக்கினாள். “அம்மாகிட்ட சொல்லுங்க போங்க” என்றாள்.

வெயிலில் வண்டியில் சாய்ந்துகொண்டு கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தாள்.

“அம்மா, பாஸ்மா. இந்தத் தடவை நிஜமாவே பாஸ். இனிமே நான் அதிகாரி ஆகலாம்மா” என்று ஸ்பானிஷில், ஒரு பிசகில்லாமல் சொன்னான்.

“வாழ்த்துகள், ரொஹேலியோ. நான் மிகவும் மகிழ்ச்சி அடைகிறேன்” என்றாள் அம்மா, இங்கிலீஷில்.

பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டை நீட்டும் பிள்ளைகளிடம் பேசும் இங்கிலீஷ் அது. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, பார்த்து, வைத்தாள். பிறந்ததிலிருந்து அவனிடம் அவள் அந்தப் பாஷையில் பேசியதில்லை.

“அம்மா, நம்ம பேச்சிலயே பேசுங்கம்மா. இப்ப எனக்கு எல்லாம் புரியுது.”

“வேண்டாம். இது நல்லது. இது உனக்குப் புரிகிறது.”

அவன் மறுபடி ஸ்பானிஷில் கெஞ்சினான், திட்டச் சொன்னான், செருப்பால் அடிப்பேன் என்றாவது சொல்லச் சொன்னான். அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள்.

“நீ சாப்பிட்டாயா?” என்று கேட்டாள், அதையும் இங்கிலீஷில்.