மஞ்சள் நூல் கட்டிய இடுக்கி

வளைகுடாவுக்கு வந்த தமிழனுக்குக் கடவுள் வைத்த சோதனைகளில் வெயிலைத்தான் முதலில் சொல்வார்கள். வெயிலாவது மண்ணாங்கட்டியாவது! பரமக்குடியில் அடிக்காத வெயிலா? உண்மையான சோதனை எது என்று சேதுமாதவனைக் கேட்டால் சொல்வான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் லீவு, அது வெள்ளிக்கிழமை. விளக்கேற்றுகிற வீட்டில் கறி கூடாத நாளும் அதே வெள்ளிக்கிழமை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருந்தது. காலையில் கறிக்கடை, மதியம் குழம்பு, சாயங்காலம் வரை தூக்கம். இங்கே ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே டூட்டிக்கு ஓட வேண்டும்.

சேதுமாதவன் அஜ்மானில் குடியிருந்துகொண்டு ஷார்ஜாவில் ஒரு ஏசி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தான். நல்லவன், கைசுத்தமானவன், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். பேசுவதில் அல்ல, தின்பதில். கல்யாணத்துக்கு முன் பேச்சிலர் ரூமில் கிடந்த காலத்தில் அவனுக்குக் கிழமை பேதமே கிடையாது. நாகவள்ளி ஃபேமிலி விசாவில் வந்து இறங்கிய முதல் வாரமே சமையலறை மூலையில் அம்மன் படம் ஏறியது, வெள்ளிக்கிழமை கறி இறங்கியது. அன்றிலிருந்து அவன் உயிர் வாழ்ந்தது வியாழக்கிழமை ராத்திரிகளால்தான். வியாழன் இரவு அவன் தின்கிற தீனியைப் பார்த்தால் மறுநாள் உலகம் அழியப்போகிறது என்று நினைக்கத் தோன்றும்.

அந்த வியாழக்கிழமைகளுக்குக் கறி ஆக்கிக் கொடுத்து அவனை வாழவைத்தவள் எதிர் ஃபிளாட்டு ருக்கையா. கீழக்கரைக்காரி. கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர். சேதுமாதவன் அதே கட்டடத்தில் பேச்சிலராக இருந்து மஞ்சள் காமாலையில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் அவள்தான். அக்காவுக்கு அவர்கள் வழக்கில் லாத்தா; அவனும் அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். நாகவள்ளி மசக்கையில் எந்த வாடையும் ஆகாமல் சுருண்டு கிடந்தபோது, ருக்கையா புதிதாக ஒரு சட்டி வாங்கி, அதன் காதில் மஞ்சள் நூலைக் கட்டி வைத்தாள். கறி படாத சட்டி. வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் நாகவள்ளிக்கு ரசம் வந்தது. பிள்ளை பிறந்து ஸ்வாதிக்கு ஏழு வயதாகியும் அந்த நூல் அவிழவில்லை. சொந்த அக்காகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டாள் என்று நாகவள்ளி வாய்விட்டே சொல்வாள்.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் அஜ்மானில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் கோடைகால பார்பிக்யூ திருவிழா என்று அறிவித்தது. ஜூலையில் பார்பிக்யூ! வெளியே சும்மா நின்றாலே மனுஷன் வெந்துவிடுவான், அவனைக் கரியடுப்புப் பக்கத்தில் வேறு நிற்கச் சொல்கிறார்கள். இந்த யோசனை உதித்த அதிகாரி நிச்சயம் ஏசி அறையைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டான். ஆனால் அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. வீட்டுச் சமையல் போட்டியில் ஜெயிப்பவருக்குக் கடைக்குள்ளேயே ஒரு கவுன்டர், ஒரு வருஷத்துக்கு.

"லாத்தா, இது உங்களுக்குன்னே வந்தது" என்றான் சேதுமாதவன்.

ருக்கையா சிரித்து மழுப்பினாள். ஆனால் அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை என்று அவள் கணவர் மறுநாள் சொன்னார். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டவளுக்கு, தன் பேர் எழுதின ஒரு கவுன்டரில் நிற்க எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. சேதுமாதவனே அவள் பெயரைக் கொடுத்தான். "எங்க வீட்டு ஓட்டு பூரா உங்களுக்குத்தான்" என்று வாக்கும் கொடுத்தான். பஸ்ஸில், பார்பர் ஷாப்பில், மாடிப்படியில் என்று மூன்று வாரம் ஓட்டுக் கேட்டு அலைந்தான்.

விழா வெள்ளிக்கிழமை என்பதை அவன் யோசிக்கவில்லையா என்றால், யோசித்தான். நாகவள்ளி யோசிக்க மாட்டாள் என்று நம்பினான். அங்கேதான் ஆள் சறுக்கிவிட்டான்.

பார்க்கிங்கில் பெரிய கூடாரம் போட்டு ஏசி விட்டிருந்தார்கள். உள்ளே மேசைகள், வெளியே பின்பக்கம் அடுப்புகள். நுழைகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு வில்லை கொடுத்தார்கள். எந்தக் கடையில் சாப்பிட்டுப் பிடித்ததோ அந்தக் கடை முன்னால் இருக்கும் கண்ணாடி ஜாடியில் போட வேண்டும். சாப்பிடாமல் போடக் கூடாது. ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் காவல் நின்றாள்.

கூடாரத்துக்குள் கால் வைத்ததுமே நாகவள்ளி கேட்டாள். "என்னங்க, இன்னைக்கு என்ன கிழமை?"

"லீவு நாளு" என்றான் சேதுமாதவன்.

"அது தெரியும். கிழமையைக் கேட்டேன்."

ருக்கையாவின் மேசையிலிருந்து, கம்பியில் கோத்துச் சுட்ட ஆட்டுக்கறியின் வாசனை வந்துகொண்டிருந்தது. மிளகு, சோம்பு, கூடவே எரிகிற கொழுப்பின் வாசம். அந்த வாசனையில் ஒரு மனிதன் பொய் சொல்லலாம், பொய் சொல்லாமலும் இருக்கலாம், யோசிக்க மட்டும் முடியாது.

அதற்குள் ராமையா எதிரே வந்தான். சேதுமாதவனின் பழைய ரூம்மேட், இப்போது பைப் ஃபிட்டர், லேபர் கேம்ப்வாசி. மூன்று தட்டுகளை முடித்துவிட்டு நாலாவதோடு நின்றான்.

"லாத்தாவுக்கு ஓட்டுப் போட்டியாடா?"

ராமையா தலையைச் சொறிந்தான். "மொதல்ல அந்த ஜிம் பயலுக கடையில முழுக்கோழி குடுத்தாய்ங்க மாப்ள. தின்ன வாய் நன்றி மறக்கக் கூடாதுல்ல. அங்கேயே போட்டுட்டேன்."

எதிர்க் கடைக்காரர்கள் ஜிம்மில் உடம்பு வளர்த்த நாலு பையன்கள். கையில்லாத பனியன், தோளில் எண்ணெய்ப் பளபளப்பு. அடுப்பில் கோழி வேகிறதா இவர்கள் வேகிறார்களா என்று சந்தேகமாக இருந்தது. அவர்கள் ஜாடி கழுத்துவரை வந்துவிட்டது. ருக்கையாவின் ஜாடி இடுப்பைத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில் பள்ளிவாசலில், பொழுது சாய்ந்ததும் சொல்கிற மக்ரிப் பாங்கு கேட்டது. சேதுமாதவனின் முகத்தில் ஒரு ஞானோதயம்.

"நாகு, வெள்ளிக்கிழமை முடிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"இந்த நாட்டுல பொழுது சாஞ்சா அடுத்த நாளு. லாத்தாவையே கேளு. ஊருக்கு ஊரு நாளு மாறும். நாம இருக்குற மண்ணு எதுவோ அந்த மண்ணோட கணக்குதான நமக்கு?"

நாகவள்ளி அவனை நிதானமாகப் பார்த்தாள். இந்த மாதிரிப் பார்வை வந்தால் அனுபவசாலிக் கணவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

"அப்ப பொழுது சாஞ்சா அடுத்த நாளு. அதான் உங்க கணக்கு?"

"அதேதான்."

"நாளைக்கு மாத்திப் பேசக் கூடாது."

"அம்மன் சத்தியமா மாத்த மாட்டேன். ராமையா சாட்சி."

வாய் நிறைந்திருந்த ராமையா தலையை ஆட்டினான். "சரி, போய்ச் சாப்பிடுங்க" என்றாள் நாகவள்ளி. இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் சேதுமாதவனுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கால்கள் கேட்கவில்லை.

தட்டை நீட்டினான். ருக்கையா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை தம்பி."

"முடிஞ்சுருச்சு லாத்தா! பாங்கு சொல்லியாச்சு. நாகுவே சரின்னுட்டா."

"எங்க கணக்குக்கு முடிஞ்சுருச்சு. உங்க வீட்டுல வெளக்கு இன்னும் எரியுதுல்ல? அந்த வீட்டு வாயில எங் கையால கறி வைக்க மாட்டேன். ஒரு ஓட்டு போனாப் போவுது."

"லாத்தா, ஜாடியப் பாருங்க. ஜெயிக்க வேணாமா?"

"ஜெயிக்கணும்" என்றாள் ருக்கையா. அதைச் சொல்லும்போது அவள் கண் ஜாடிப் பக்கம் போய் வந்தது. "ஆனா அதுக்காவ நீங்க ஒண்ண விட்டுக் குடுக்க வேணாம்."

சேதுமாதவன் காலித் தட்டோடு நின்றான். கறி கிடைக்காத துக்கம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். தன் வீட்டு வெள்ளிக்கிழமையைத் தன்னைவிட எதிர்வீட்டுக்காரி நன்றாகக் காப்பாற்றுகிறாளே என்று முதல்முறையாக உறைத்தது.

ருக்கையா அவனை விட்டுவிட்டு மேசைக்கு அடியிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். "நாகு, பசியோட நிக்காத புள்ள. ஒனக்குன்னு தனி அடுப்புல சுட்டு வச்சேன்." சின்னக் கத்தரிக்காய்கள். நாலாகக் கீறி, புளியும் பூண்டும் மிளகாயும் அடைத்துக் கரியில் சுட்டது. எடுத்து வைத்த இடுக்கியின் கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

நாகவள்ளி ஒன்றை வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். இன்னொன்றையும் போட்டாள்.

"மேடம், டோக்கன்?" என்று ஜாடிக்காரப் பெண் சிரித்தாள்.

"இது கறியில்லையேம்மா" என்று நாகவள்ளி கையை ஆட்டிக் காட்ட, ஸ்வாதி அதை இங்கிலீஷில் சொன்னாள்.

"சேம் ஸ்டால், சேம் ஜார்" என்றாள் அந்தப் பெண்.

நாகவள்ளியின் வில்லை ஜாடியில் விழுந்தது. ஸ்வாதியும் ஒன்றைக் கடித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள். பிறகு நாகவள்ளி திரும்பி, கூடாரத்தின் கோடியில் சோளக்கதிர் விற்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு கூட்டம் முகம் வாடி நின்றது. நெற்றியில் குங்குமம், கையில் சோளம், இன்னொரு கையில் போட இடமில்லாத சிவப்பு வில்லை. புருஷன்மார்கள் இழுத்துவந்த வெள்ளிக்கிழமைக் குடும்பங்கள்! தமிழர்கள், தெலுங்கர்கள், இரண்டு குஜராத்திப் பாட்டிகள்கூட இருந்தார்கள்.

"சீதாலட்சுமி!" என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் ஒருத்தியைப் பார்த்து நாகவள்ளி போட்ட சத்தத்தில் ஜிம் பையன் ஒருவன் கோழியைத் தவறவிட்டான். "இங்க வாங்கடி எல்லாரும்! வெள்ளிக்கிழமைக்குச் சாப்பாடு இருக்கு!"

வந்தார்கள் பாருங்கள், ரேஷன் கடையில் சர்க்கரை வந்த மாதிரி. ருக்கையா ஒருத்தியால் முடியவில்லை. அவள் கணவர் சூப்பர்மார்க்கெட்டுக்குள் ஓடிக் கத்தரிக்காய் வாங்கி வந்தார். ராமையா பாவ விமோசனமாகப் பின்னால் நின்று அடுப்பு விசிறினான். ஜாடி ஏறியது. கழுத்துக்கு வந்தது. எதிர் ஜாடியும் கழுத்தில்தான் நின்றது. மைக்கில் கடைசி ஐந்து நிமிஷம் என்று அறிவித்தார்கள்.

நாகவள்ளி அப்போதுதான் கவனித்தாள். "என்னங்க, உங்க வில்லை எங்க?"

சேதுமாதவன் கையை விரித்தான். வியர்வையில் ஊறிய வில்லை உள்ளங்கையிலேயே இருந்தது. உலகத்தில் அவன் தொடாத ஒரே பண்டம் கத்தரிக்காய். தொண்டை அரிக்கும் என்பான், பிடிவாதம் என்பாள் நாகவள்ளி. கல்யாணப் பந்தியில்கூட அதை இலைக்கு வெளியே தள்ளிய மகானுபாவன் அவன். ருக்கையாவுக்கும் இது தெரியும். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டால் அவன் மறுக்க முடியாது என்பதால் கேட்காமல் இருந்தாள்.

அந்தக் கேட்காததுதான் அவனை அடித்தது. "வைங்க லாத்தா" என்று தட்டை நீட்டினான். கண்ணை இறுக மூடி, விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி ஒரு துண்டை விழுங்கினான். வில்லையைப் போட்டான்.

எண்ணிப் பார்த்ததில் ருக்கையா மூன்று வில்லை வித்தியாசத்தில் ஜெயித்தாள். மேடையில் பேர் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாகவள்ளியும் அழுதாள். தன் ஒரு ஓட்டால்தான் எல்லாம் நடந்தது என்று சேதுமாதவன் இன்றுவரை சொல்லி வருகிறான். மற்ற இரண்டு யாருடையது என்று அவன் விசாரித்ததில்லை. அந்தக் கத்தரிக்காய் எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் கவுன்டர் திறந்தாயிற்று. சேதுமாதவன் ஷார்ஜா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஓடி வந்தான். ஒரு வாரப் பசி, ஒரு வார ஏக்கம். நாகவள்ளியும் ஸ்வாதியும் முன்பே வந்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்டுக்கறிக் கம்பிகள் வரிசையாகக் கிடந்தன.

"நாலு கம்பி லாத்தா. நல்ல கொழுப்பாப் பாத்து."

ருக்கையா இடுக்கியை எடுத்தாள். அப்போது மக்ரிப் பாங்கு கேட்டது.

"அக்கா" என்றாள் நாகவள்ளி, "உங்க வீட்டுல இந்த ராத்திரிக்கு என்ன பேரு?"

"வெள்ளி ராத்திரி" என்றாள் ருக்கையா, ஒன்றும் அறியாதவளாக. மறுகணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொழுது சாஞ்சா அடுத்த நாளு. அம்மன் சத்தியம். ராமையா அண்ணன் சாட்சி" என்றாள் நாகவள்ளி. "நான் மாத்திப் பேசல. நீங்க பேசுறீகளா?"

சேதுமாதவன் கண்ணாடி மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டான்.

ருக்கையா கையிலிருந்த இடுக்கியை வைத்துவிட்டு, மஞ்சள் நூல் கட்டிய இடுக்கியை எடுத்தாள்.

"எத்தன கத்தரிக்கா தம்பி?"

சேதுமாதவன் ஆட்டுக்கறியைப் பார்த்தான், நாகவள்ளியைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான்.

"நாலு வைங்க" என்றான். பிறகு யாருக்கும் கேட்காதபடி, "புளி தூக்கலா" என்று சேர்த்துக்கொண்டான்.