ரப்பர் என்று சொல்லி மாட்டிய பட்டை

செஞ்சியில் டிங்கர் வேலை செய்த விநாயகத்தின் பேரைச் சொன்னாலே எனக்குக் குமட்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அஜிததாஸ் நைனாரைப் பற்றி. மேல்சித்தாமூர்க்காரர், சமணர். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் வண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஓட்டினார். ஏற்றி இறக்கியது ஜெயராமனாகிய நான்.

நைனார் தோல் செருப்புப் போடமாட்டார். டயரை அறுத்துத் தைத்த செருப்புதான். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். அவர் ஊரில் நைனார் வீடுகள் எல்லாமே அப்படித்தான். கறி தின்கிற என்னை ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

அந்த வண்டியின் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், மட்கார்டோ குட்டை. மழை பெய்தால் ரோட்டோரம் நடக்கிறவர்கள் மேல் சேற்றை வாரி இறைக்கும். களையெடுத்துவிட்டு வந்த மீனம்பாள் ஒருநாள் மூஞ்சியெல்லாம் சேறாகித் திட்டியபோது, நைனார் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாளே விநாயகத்திடம் போனோம்.

மட்கார்டைத் தகரம் வைத்து அகலப்படுத்தி, பின்சக்கரங்களுக்குப் பின்னால் ரப்பர் பட்டை தொங்கவிட வேண்டும். "தோலு மட்டும் வேணாம் விநாயகம்" என்று நைனார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எனக்குத் தெரியாதா நைனாரே? டயரே அறுத்துப் போடுறேன்" என்றான் அந்தப் படுபாவி. டயர் அறுக்க உடம்பு வணங்கவில்லை. ரைஸ்மில்லில் கழித்துப்போட்ட தோல் பெல்ட்டை வெட்டி, தார் பூசிக் கறுப்பாக்கி, ரிவிட் அடித்துவிட்டான். எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஐப்பசியில், இறந்துபோன அம்மாவின் பேரில் ஊருக்குச் சாப்பாடு போடுவதாக நைனார் சொல்லியிருந்தார். அவர் போடும் முதல் பந்தி. முந்தின நாள் கரண்ட் இல்லாமல் மில் ஓடவில்லை. பந்தி நாள் மதியம்தான் அரிசி கிடைத்து வண்டியில் ஏற்றினோம். பொழுது சாய்வதற்குள் ஆக்கிப் பரிமாறியாக வேண்டும். மழை வேறு பிடித்துக்கொண்டது.

செஞ்சியைத் தாண்டியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். ஒரு நாய் வந்து பட்டையைக் கவ்வி இழுத்தது. விரட்டினால் போகவில்லை. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நைனார் குனிந்து மோந்து பார்த்தார். தார் உரிந்த இடத்தில் ஊறிப்போன தோல் நாறியது. ஓரமாகப் போய் வாந்தியெடுத்தார்.

"மூட்டைய எறக்கிட்டு அப்பால கழட்டலாம் மொதலாளி. நேரமாவுது" என்றேன்.

"இத்தக் கட்டிக்கினு எங்கம்மா சோத்துக்கு அரிசி கொண்டும்போவ மாட்டேன் ஜெயராமா." வண்டியைத் திருப்பிவிட்டார்.

விநாயகம் வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்கவில்லை. "செத்த மாட்டுத் தோலுதானே? நீங்களா அடிச்சீங்க?" என்று இளித்தான். தூ! உளியையும் சுத்தியலையும் தூக்கிப் போட்டதோடு அவன் வேலை முடிந்தது. நைனாரே மழையில் மண்டிபோட்டு ரிவிட்டுகளை வெட்டினார். என்னை ஷெட்டுக்குப் பின்னால் வேலியோரம் குழி தோண்டச் சொன்னார். எதற்கு என்றேன்.

"அது ஒரு மாடு இல்லியா" என்றார். பட்டைகளை இரண்டு கையாலும் எடுத்துவந்து வைத்து மூடினார்.

பட்டை இல்லாத வண்டி சேறடிக்குமே என்று, ஆள் நடக்கிற இடமெல்லாம் ஊர்ந்துதான் ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது ஊரில் விளக்கு வைத்துவிட்டார்கள். பந்திக்கு வெட்டிய கோட்டை அடுப்பு பற்றவைக்காமலே கிடந்தது. அவர் மனைவி அனந்தமதி மூட்டைகளைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். திட்டியிருந்தாலாவது தேவலை. நைனார் பந்திப் பாயில் தனியாக உட்கார்ந்து அழுதார். எனக்கு விநாயகத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர்க் கோயிலுக்கு ஆள் ஏற்றப்போகிற வேன் ஒன்று அவன் ஷெட்டில் நின்றது. பின்சக்கரங்களில் இரண்டு பட்டைகள், புதுத் தார் பூசி. ஒன்றின் ஓரத்தில் நாய்ப்பல் பதிந்திருந்தது.

வேலியோரம் போய்ப் பார்த்தேன். குழி திறந்து கிடந்தது.