பந்தியில் புகுந்த ஆனிக் காற்று

எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் கருத்தரங்கு என்றால் டவுணில் ஏசி ஹால், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மேடை முழுக்க ஃபிளெக்ஸ். பூமி சூடாவதைப் பற்றிக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு கேட்போம். இந்த முறை பொறுப்பை நானே வலியப் போய்க் கேட்டு வாங்கினேன். முதல்வர் ஒரே நிபந்தனை போட்டார்.

"சொதப்பிச்சின்னா அடுத்த வருசம் திரும்பவும் ஏசி ஹாலுதாம்மா. பெறவு பசுமை கிசுமைன்னு எங்கிட்ட வரப்பிடாது."

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணக் கூடத்தைப் பிடித்தேன். ஓட்டுக்கூரை, மூன்று பக்கம் சுவரே கிடையாது, சுற்றிலும் வயல். பகலில் விளக்கும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். வருகிறவர்கள் ரயிலில் வந்து இறங்கி நடந்தே வந்துவிடலாம். துணி பேனர், மண்பானைத் தண்ணீர், வாழையிலைச் சாப்பாடு. பங்குனியில் இடம் பார்க்கப் போனபோது வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கருத்தரங்கை ஆனியில் வைத்தேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவள் ஆனிக் காற்றை மறந்தாள் என்றால் வெளியே சொல்ல முடியுமா? காலையிலேயே பேனர் கயிற்றை அறுத்துக்கொண்டு வயலில் விழுந்தது. சிறப்பு விருந்தினரின் கட்டுரையில் பாதியை நாற்றுகளுக்கு நடுவே பொறுக்கினோம். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் மண்பானையைப் பார்த்தேன்.

மதியம் பந்தியில் சோறு விழுமுன்பே இலைகள் எழும்பிப் பக்கத்தில் இருப்பவர் மடியில் போய் உட்கார்ந்தன. சமையல்கார அண்ணாச்சி வாளியோடு நின்றுவிட்டார்.

"எலையப் புடிங்க சார்! நான் எங்கன ஊத்த?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஜென்மத்துக்கும் ஏசி ஹால்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேறு வழி தோன்றாமல் என் செல்போனை எடுத்து இலை நுனியில் வைத்தேன். இலை அடங்கியது. எதிரே இருந்தவர் தன்னுடையதை வைத்தார். கொஞ்ச நேரத்தில் பந்தி முழுக்க இலைக்கொரு போன் காவல்.

கையில் போன் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? பேச ஆரம்பித்தார்கள். களக்காட்டிலிருந்து வந்திருந்த வாழை விவசாயியும் ஒரு பேராசிரியரும் தண்ணீர் பாய்ச்சுவது பற்றிப் பிடித்த சண்டை மோர் வரும்வரை ஓயவில்லை. காலையில் மேடையில் வராத கேள்வியெல்லாம் ரசத்தோடு வந்தது.

அந்த ரசம் முதல்வரின் போன் மேலும் ஓடியிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

"ஏம்மா, அடுத்த வருசமும் இங்கனயே வச்சிக்கிடுவோம். தேதிய மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."